கடைத் தேங்காயும் வழிப் பிள்ளையாரும்

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்று நம்மவர் ஒரு பழமொழி வைத்திருக்கின்றனர். பிறர் பொருளைக் கொண்டு தாம் புண்ணியம் தேடிக்கொள்வாரைக் குத்திக் காட்டுவதற்கு வழங்குவது அது. ஆனால் பழமொழி அத்துடன் நின்றுவிடுகின்றது. அந்தத் தேங்காய் உண்மையில் யாருடையது? கடைக்காரரே எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தால் குற்றம் நீங்கிவிடுமா? பின்னர் ஒருவர் அந்தக் கடையையே தம் வசமாக்கிக்கொண்டு, என்றோ உடைந்த தேங்காய்க்குக் கணக்குக் கேட்டால் அவருக்கு அந்த உரிமை உண்டா? இவற்றையெல்லாம் பழமொழி கேட்பதில்லை, நீதிமன்றம் கேட்கும். 1962-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு முழுவதும் இக்கேள்விகளைப் பற்றியதே. அ. இலட்சுமணசாமி முதலியாரும் பிறரும் எதிர் இந்திய ஆயுள் காப்புறுதிக் கழகம் என்பது அவ்வழக்கின் பெயர். சட்ட மாணவருக்கு அது ஒரு தேர்வு வினா. பொதுப் பணத்தைக் கையாளும் ஏனையோருக்கு அது அதனினும் மிக்கது. ஆகவே ஒரு நூலை ஆராய்வது போலவே அத்தீர்ப்பை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் உள்ள எங்கள் உலு திராமில் இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றின் பழைய வழக்கைக் கிளறுவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். காரணம் இல்லாமல் இல்லை. தோட்டங்கள் தாமான்களாக மாறிவந்த இவ்வட்டாரத்தில் தமிழருக்குப் பொதுவாக எஞ்சியிருப்பவை கோயிலும் பள்ளியும், அவற்றைச் சுற்றி எழுந்த சங்கங்களுமே. தனியொருவர் கையில் பெரும்பொருள் இல்லாத மக்களிடையே, பொருள் சேருமிடம் இச்சங்கங்களின் கணக்குப் புத்தகம்தான். ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடுகின்றது. கல்வி நிதிக்கு இவ்வளவு, வெள்ள நிவாரணத்துக்கு இவ்வளவு, பக்கத்து ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு இவ்வளவு என்று ஒருவர் முன்மொழிகின்றார், மற்றொருவர் வழிமொழிகின்றார், அவையோர் கைதட்டி ஏற்கின்றனர். செய்வது நல்ல காரியம், பொதுக்கூட்டமும் ஏற்றுவிட்டது, இனி யார் என்ன கேட்க முடியும் என்பது பலருடைய எண்ணம். இந்த எண்ணத்தின் இரண்டு கால்களையும் மேற்கூறிய தீர்ப்பு வெட்டிவிடுகின்றது. வெட்டியது சரியா என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் வழக்கின் வரலாறு. செட்டிநாட்டு வணிகக் குடும்பம் ஒன்றில் தோன்றிய எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார், 1937-ஆம் ஆண்டு காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியைத் திறந்தவர். கடல் கடந்த தமிழரின் பணப் போக்குவரத்தை மனத்தில் கொண்டு எழுந்த பாங்கி அது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்புறுதிக் கம்பெனியும் அவருடைய கண்காணிப்பில் வளர்ந்தது. சென்னை மவுண்ட் ரோட்டில் இன்று எல்.ஐ.சி. கட்டடம் என்று எல்லோரும் சுட்டிக்காட்டும் 14 மாடி மாளிகை அக்கம்பெனிக்காக அவர் தொடங்கியதே. 1954-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள், நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் இறங்க முயன்ற பி.ஓ.ஏ.சி. விமானம் ஒன்று நொறுங்கித் தீப்பற்றியது. அதில் மாண்ட 33 பேரில் செட்டியாரும் ஒருவர்.

நான்கு மாதம் கழிந்தது. ஜூலை 15-ஆம் நாள் கூடிய யுனைடெட் இந்தியாவின் பங்குதாரர் கூட்டம், செட்டியாரின் நினைவாக நிறுவப்படும் அறக்கட்டளை ஒன்றுக்கு ரூ. 2 இலட்சம் வழங்க ஒப்பியது. தொழில் அறிவையும் வாணிக அறிவையும் வளர்ப்பது அறக்கட்டளையின் நோக்கம். பணம் எடுக்கப்பட்டது பங்குதாரர்களின் இலாப ஈவுக் கணக்கிலிருந்து. இந்தச் செய்தியை அன்பர்கள் நினைவில் இருத்தவேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம். அறங்காவலருள் ஒருவர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். கல்விக்கென்று ஒதுக்கிய பணத்தை அவரினும் பொருத்தமானவர் கையில் ஒப்படைத்திருக்க முடியாது.

1956-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் இந்திய அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் ஆயுள் காப்புறுதித் தொழிலைத் தன் நிர்வாகத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் 245 காப்புறுதி நிறுவனங்களை ஒன்றாக்கி ஆயுள் காப்புறுதிக் கழகம் எழுந்தது. மவுண்ட் ரோட்டு மாளிகையையும் கழகமே 1959-இல் கட்டி முடித்தது. கழகத்தை அமைத்த சட்டத்தில் 15-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்த ஜனவரி 19-க்கு முந்திய ஐந்தாண்டுகளுக்குள் பழைய கம்பெனிகள் கைம்மாறு பெறாமல் கொடுத்த பணம், தொழிலுக்கு நியாயமாகத் தேவைப்பட்டதன்று எனில், அதனைத் திரும்பக் கேட்கக் கழகத்துக்கு அது உரிமை தந்தது. அரசுடைமை வரப்போவதை மோப்பம் பிடித்துச் சில முதலாளிகள் பெட்டியைக் காலி செய்திருப்பார்கள் என்ற ஐயத்தில் பிறந்த பிரிவு அது. ஐயம் அடிப்படையற்றதும் அன்று. கழகம் அறங்காவலரிடம் 2 இலட்சத்தைக் கேட்டது. அவர்கள் மறுத்தனர். நாகபுரியில் இருந்த காப்புறுதித் தீர்ப்பாயம் கழகத்தின் பக்கம் நின்றது. அறங்காவலர் உச்ச நீதிமன்றம் சென்று, அங்கும் தோற்றனர்.

நிற்க. தீர்ப்பின் உட்கோப்பைக் காண்போம். கம்பெனி என்பது சட்டம் படைத்த ஆள். எந்த நோக்கத்துக்காகப் படைக்கப்பட்டதோ அதைச் செய்யும் அளவுக்கே அதற்கு உயிர் உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் அது செத்த பிணத்துக்குச் சமம். ஆங்கிலச் சட்டத்தார் இதனை அல்ட்ரா வைரஸ் என்பர். அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்பது பொருள். இரயில் வண்டிகள் செய்வதற்கென்று அமைந்த கம்பெனி பெல்ஜியம் நாட்டில் இரயில் பாதை போட ஒப்பந்தம் செய்துகொள்ள, அவ்வொப்பந்தம் பிறக்கவே இல்லை என்று பிரபுக்கள் சபை 1875-இல் ஆஷ்பரி வழக்கில் கூறியது. கம்பெனியின் உறுப்பினர் அனைவரும் சேர்ந்து ஒப்பினாலும் அதற்கு உயிர் வராது. அறக் காரியங்களுக்கும் பொதுப் பயனுள்ள காரியங்களுக்கும் பணம் கொடுக்கலாம் என்று யுனைடெட் இந்தியாவின் ஏடுகளில் இயக்குநர்களுக்கு வெளிப்படையாகவே அதிகாரம் எழுதப்பட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் அதனைச் சுருக்கிப் படித்தது. கம்பெனியின் சொந்த நோக்கம் காப்புறுதித் தொழில். அந்நோக்கத்துக்குத் துணை செய்யும் அறத்துக்கு மட்டுமே கொடுக்கலாம். இயக்குநர் மனம்போன அறத்துக்கெல்லாம் அள்ளிக்கொடுக்க அதிகாரம் இல்லை என்றது. ஆகவே கொடை வெறும் செல்லாக்காசு. பங்குதாரர் ஒப்புதல் அதனைச் செல்லுபடியாக்காது. பணம் அறங்காவலருக்கு உரிமையாகவே இல்லை. தீர்மானத்துக்கு உடன்பட்ட இயக்குநர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பிலும், ஏனைய அறங்காவலர் தம் கையில் செலவழியாமல் இருந்த அளவுக்கும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்கள் என்றும் கூறிற்று.

எழுதப்பட்ட அதிகாரத்தை நோக்கத்தின் எல்லைக்குள் அடக்கிப் படித்தது தீர்ப்பின் சிறந்த பகுதி. அதிகாரம் வேறு, நோக்கம் வேறு. கணக்குத் தொடங்கவும், நிலம் வாங்கவும், கடன் பெறவும், நன்கொடை கொடுக்கவும் அதிகாரம் உண்டு என்று விதிகளில் நீண்ட பட்டியல் எழுதி வைப்பது எல்லாச் சங்கங்களுக்கும் வழக்கம். இவையெல்லாம் கருவிகளே. கோடரி கையில் இருப்பதனாலேயே ஊரிலுள்ள மரங்களையெல்லாம் வெட்டலாம் என்று ஆகிவிடாது.

ஆனால் அவ்வெல்லைக்குள் இந்தக் கொடை அடங்காது என்று முடிவுசெய்ததில்தான் தீர்ப்பு கைசுருக்கம் காட்டுகின்றது. இங்கிலாந்தில் பிரன்னர் மான்ட் என்ற இரசாயனக் கம்பெனி, விஞ்ஞானக் கல்விக்காகப் பல்கலைக் கழகங்களுக்கு ஒரு இலட்சம் பவுன் கொடுக்க முடிவுசெய்தது. பங்குதாரர் ஒருவர் தடுத்தார். இரசாயனத் தொழிலுக்கு விஞ்ஞானம் கற்றோர் வேண்டும். அப்படிப்பட்டோர் நாட்டில் பெருகினால் கம்பெனிக்கும் நன்மையே என்று கூறி, 1921-இல் நீதிமன்றம் அக்கொடையை அனுமதித்தது. வாணிக அறிவு வளர்வதில் காப்புறுதிக் கம்பெனிக்கு நன்மை இல்லையா? கணக்கியலும் வாணிகமும் கற்றவர்களை வைத்துத்தானே அத்தொழில் நடைபெறுகின்றது? மான்ட் கம்பெனிக்கு ஆங்கில நீதிபதி நீட்டிய அளவுகோலை யுனைடெட் இந்தியாவுக்கு நீட்டியிருந்தால் 2 இலட்சம் தப்பியிருக்கலாம். அதைவிட வேடிக்கை ஒன்று பின்னர் நிகழ்ந்தது. 2013-ஆம் ஆண்டு இந்தியக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. கல்வி வளர்ச்சியும் அப்பணிகளுள் ஒன்று. 1954-இல் செய்யத் தகாததாயிருந்த காரியம் 60 ஆண்டுக்குள் செய்தே தீரவேண்டியதாயிற்று.

இனி அந்த இலாப ஈவுக் கணக்குக்கு வருவோம். அறங்காவலர் தரப்பில் வைக்கப்பட்ட வாதங்களுள் நெஞ்சைத் தொடுவது இதுதான்: இந்தப் பணம் பங்குதாரருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்கென்று ஒதுக்கியது, அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, மறுநாள் தங்கள் கையாலேயே அறக்கட்டளைக்குக் கொடுத்திருந்தால் உலகில் ஒருவரும் தடுத்திருக்க முடியாது. நேரே கொடுத்ததனால் என்ன குடிமுழுகிப் போயிற்று? நீதிமன்றம் விடுத்த விடை, ஈவு என்று அறிவித்துக் கொடுக்கும் வரையில் அது கம்பெனியின் பணமே, பங்குதாரரின் பணம் அன்று என்பது. எழுத்தின்படி இது சரி. ஆயினும் பொருளின்படி நோக்கினால் கடைக்காரரே எடுத்துக்கொள் என்று சொன்ன தேங்காய் இது. கடன்கொடுத்தவர் எவரும் இங்கே ஏமாற்றப்படவில்லை. கேட்டு வந்தவரோ, தீர்மானம் நிறைவேறிய நாளில் உலகில் இல்லாத ஒரு கழகம்.

என் கருத்தில், 15-ஆம் பிரிவு ஒன்றையே பற்றி நின்று நீதிமன்றம் வழக்கை முடித்திருக்கலாம். தொழிலுக்கு நியாயமான தேவையா இல்லையா என்பது மட்டுமே கேள்வியாக இருந்திருக்கும். தீர்ப்பும் அரசுடைமைக் கால வழக்காகவே முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாமல் பிறவியிலேயே செத்தது என்னும் பெரிய கோட்பாட்டின்மேல் ஏறி நின்றதால், அத்தீர்ப்பு எல்லாருக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய பாடமாக நிலைபெற்றுவிட்டது. இலாபக் கம்பெனிக்கு அது பொருந்தாத சட்டை. பங்குதாரர் தம் பணத்தை எடுத்துக்கொள்ளவும் கொடுக்கவும் உரியவர். அவர்கள் ஒருமனதாக ஒப்பிய கொடையைக் கோட்பாட்டின் பெயரால் அழிப்பது கடுமையே.

வியப்பு என்னவென்றால், இலாபக் கம்பெனிக்குப் பொருந்தாத அதே சட்டை, இலாப நோக்கற்ற அமைப்புக்கு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துகின்றது. ஏன்? கோயிற் சங்கத்தின் உறுப்பினருக்கு ஈவு கிடையாது. ஆண்டு முடிவில் உண்டியற் பணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்ள எந்த விதியும் இடம் கொடாது. எடுத்துக்கொள்ள உரிமை இல்லாதவருக்குக் கொடுத்துவிட மட்டும் உரிமை எப்படி வரும்? இலட்சுமணசாமி முதலியார் வழக்கில் பங்குதாரர் பக்கம் நின்ற வலிய வாதம், கோயிற் கூட்டத்தில் கைதட்டியவர்களுக்குத் துணைவராது. அங்கே தேங்காய் கடைக்காரருடையது. இங்கே தேங்காய் பிள்ளையாருடையது. அதை எடுத்து அடுத்த தெருப் பிள்ளையாருக்கு உடைத்தாலும் கேள்வி கேள்விதான். உண்டியலில் பணமிட்டவர் பலர் உறுப்பினரே அல்லர். இரப்பர் மரம் சீவிய கூலியிலிருந்து மாதந்தோறும் கோயிற் காசு கொடுத்த பழைய தலைமுறையினர் இன்று கூட்டத்துக்கு வந்து கைதூக்கப் போவதுமில்லை. அவர்கள் கொடுத்தது எதற்காகவோ அதுவே நோக்கம். அதனை இன்றைய பெரும்பான்மை மாற்றிவிட இயலாது.

பெரும்பான்மையின் கை எவ்வளவு குறுகியது என்பதற்கு ஸ்காத்லாந்து நாட்டு வழக்கு ஒன்று பெருஞ்சான்று. அந்நாட்டின் சுதந்திரத் திருச்சபை 1900-இல் மற்றொரு சபையுடன் இணைவதென்று மிகப் பெரும்பான்மையால் முடிவு செய்தது. முப்பதுக்கும் குறைந்த போதகர்களே இணைய மறுத்து நின்றவர். பழைய கொள்கைக்கென்று கொடுக்கப்பட்ட சொத்தைப் புதுக் கொள்கைக்குக் கொண்டு செல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அச்சிறுபான்மையினர் வழக்காடினர். 1904-இல் பிரபுக்கள் சபை அவர்களுக்கே வெற்றி அளித்தது. நாடெங்கும் உள்ள தேவாலயங்களும் கல்லூரிகளும் நிதிகளும் அந்தச் சிலர் கைக்கு வந்தன. அவற்றை வைத்து நடத்த ஆளில்லாமல் அவர்கள் திணற, அடுத்த ஆண்டே பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றிச் சொத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. தீர்ப்பு நடைமுறைக்கு ஒவ்வாததாக முடிந்தது உண்மை. ஆனால் எத்தனை கை தூக்கினாலும் நோக்கத்தை மீற முடியாது என்ற அடிப்படையைப் பாராளுமன்றம் மறுக்கவில்லை. அந்த ஒரு வழக்குக்கு மட்டும் விலக்குச் செய்தது.

ஆஷ்பரிக் கோட்பாட்டைப் பெற்றெடுத்த இங்கிலாந்தே அதனைக் கம்பெனிகளைப் பொறுத்தவரையில் படிப்படியாகக் கைவிட்டுவிட்டது. கம்பெனியின் செயலை அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் வெளியார்முன் மறுக்க முடியாது என்பதே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. ஆயினும் அறநிலையக் கம்பெனிகளுக்கு மட்டும் அச்சட்டம் தனி விதி வைத்திருக்கின்றது. அங்கே பாதுகாப்புப் பெற வேண்டுமானால், எதிர்த் தரப்பார் முழு விலை கொடுத்திருக்கவேண்டும். அதிகார மீறலை அறியாதிருக்கவும் வேண்டும். அல்லது அது அறநிலையம் என்பதையே அறியாதவராய் இருக்கவேண்டும். இலவசமாகப் பெற்றவருக்கு இரங்குவதில்லை. இலாபக் கம்பெனிக்குத் தளர்த்திய கயிற்றை அறத்துக்குத் தளர்த்தாமல் விட்டதன் காரணம் நாம் மேலே கண்டதுதான்.

இனி, கேட்க உரியவர் யார் என்பது. எதைக் கேட்கலாம் என்பதைவிட யார் கேட்கலாம் என்பதில்தான் இன்றைய சட்டங்கள் கருத்துச் செலுத்துகின்றன. நம் நாட்டின் 1965-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு மூன்று வாயில்களை மட்டும் திறந்து வைத்தது. நடக்கப்போகும் செயலைத் தடுக்கும்படி உறுப்பினர் வழக்குத் தொடரலாம். அடமானக் கடன் பத்திரம் வைத்திருப்பாருக்கும் சில வேளைகளில் அவ்வுரிமை உண்டு. நடந்துவிட்ட செயலுக்கு ஈடுகேட்டுக் கம்பெனியோ உறுப்பினரோ அதன் அதிகாரிகள்மீது வழக்காடலாம். கம்பெனியைக் கலைத்துவிட அமைச்சர் மனுச் செய்யலாம். வேறு எவரும், ஒப்பந்தத்திலிருந்து நழுவ வழிதேடும் எதிர்த் தரப்பாரும் உட்பட, உனக்கு அதிகாரமில்லை என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென்றே உள்ள சட்டங்களும் ஏறக்குறைய இதே மூன்று வாயில்களை வைத்திருக்கின்றன. அமைச்சருக்குப் பதிலாக அங்கே அட்டர்னி ஜெனரல் நிற்கின்றார். தடுப்பது முன்னதாக, ஈடுகேட்பது பின்னதாக, நடுவே வெளியாருக்குத் தொல்லையில்லை. 1962-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் முரட்டுத்தனத்துக்கு இது நல்ல மருந்து. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்த நம் புதிய கம்பெனிச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, சாதாரணக் கம்பெனிக்கு எல்லாச் செயலுக்கும் ஆற்றல் உண்டு என்றது. அறம், கல்வி, சமயம் முதலியவற்றுக்காக உத்தரவாதத்தின்மேல் அமைக்கப்படும் கம்பெனிக்கு மட்டும் அமைப்பு விதி கட்டாயம். அதில் எழுதிய நோக்கம் அதனைக் கட்டுப்படுத்தும். நாமும் இங்கிலாந்தின் வழியிலேயே வந்து நிற்கின்றோம்.

ஆனால் உலு திராம் வட்டாரத்துக் கோயிற் குழுக்களில் எத்தனை கம்பெனியாகப் பதிந்தவை? இத்தகைய குழுக்கள் பொதுவாக 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுவன. அச்சட்டம் சங்கத்தைக் கம்பெனியைப் போலத் தனி ஆளாக்குவதில்லை. வழக்காடக்கூட, பதிவாளரிடம் பெயர் கொடுத்த ஒருவர் பெயரில்தான் அது வழக்காட வேண்டும். மேலே கண்ட மூன்று வாயில்களும் சங்கங்கள் சட்டத்தில் அவ்விதம் வரிசையாக எழுதப்படவில்லை. அதிகார மீறல் என்று ஒருவர் முறையிட்டால் அது பெரும்பாலும் உட்பூசலாகப் பார்க்கப்படுகின்றது. பதிவாளர் விளக்கம் கேட்பதும், பூசல் தீராவிடில் பதிவையே நீக்கிவிடுவதும் அச்சட்டம் காட்டும் வழி. தலைவலிக்குத் தலையை எடுப்பது போன்றது இது. பதிவு போனால் கோயிலின் கணக்கும் முடங்கும். தவறு செய்தவரோடு செய்யாதவரும் அல்லல்படுவர்.

இவ்வகைக் கடுமை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாடு 1988-இல் கண்டது. 1987-ஆம் ஆண்டு அம்னோ கட்சித் தேர்தலை எதிர்த்து உறுப்பினர் சிலர் தொடுத்த வழக்கில், பதிவு பெறாத 30 கிளைகள் இருந்தமை வெளிவந்தது. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் நீதிபதி ஹருண் ஹஷிம் அக்கட்சியே சட்டவிரோதமான சங்கம் என்று தீர்ப்பளித்தார். கிளைகளின் குறை ஆளும் கட்சியின் உயிரையே வாங்கிவிட்டது. அதன் பின்விளைவு அதற்கு நேர்மாறான மற்றொரு கடுமை. 1990-இல் சங்கங்கள் சட்டத்தில் 18சி என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. அரசியற் கட்சி தன் விதிகளுக்கும் நடவடிக்கைகளுக்கும் சொல்லும் பொருளே முடிவானது. எந்த நீதிமன்றத்திலும் அதனைக் கேள்விகேட்க இயலாது என்பது அப்பிரிவின் சாரம். முன்னர் ஒரு சிறு குறை எல்லாவற்றையும் இடித்தது. பின்னர் எத்துணைப் பெரிய குறையும் கேட்பாரற்றதாயிற்று. நல்ல வேளையாக 18சி அரசியற் கட்சிகளுக்கு மட்டுமே உரியது. ஆலயத் தலைவர் ஒருவர், எங்கள் செயலவை முடிவே இறுதி, வழக்குக்குப் போக முடியாது என்று மிரட்டினால், அவர் தமக்குப் பொருந்தாத பிரிவைத் தோளில் போட்டுக்கொண்டிருக்கின்றார் என்றே கொள்ளலாம்.

உண்மையில் நம்மவர் அதிகம் அறியாத வாயில் ஒன்று வேறொரு சட்டத்தில் இருக்கின்றது. 1956-ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு அது. பொது, சமய, சமூக, அறக் காரியங்களுக்கென்று பொறுப்பில் விடப்பட்ட சொத்தில் நம்பிக்கைக் கேடு நடந்ததாகக் கருதினால், அல்லது அதன் நிர்வாகத்துக்கு நீதிமன்றத்தின் வழிகாட்டுதல் தேவை என்று கருதினால், அட்டர்னி ஜெனரல் வழக்குத் தொடரலாம். அல்லது அச்சொத்தில் அக்கறையுள்ள இருவர் அல்லது மேற்பட்டோர், அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற்று வழக்குத் தொடரலாம். உறுப்பினர் சீட்டு வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை. அக்கறை வேண்டும் என்றே சொல்கின்றது. நாள்தோறும் வழிபடும் கிழவியும், பிள்ளைக்குக் காதுகுத்தக் காணிக்கை செலுத்திய குடும்பமும் அந்தச் சொல்லுக்குள் அடங்க இடம் உண்டு. செயலவையைக் கலைக்காமலும், பதிவை நீக்காமலும், செலவான பணத்துக்கு உரியவரைப் பொறுப்பாக்கவும், இனிச் செல்லவேண்டிய வழியை வகுக்கவும் நீதிமன்றத்தால் இயலும். நாம் விமர்சித்த தீர்ப்பின் நல்ல பாதி, அதாவது நோக்கத்துக்குள் நில், மீறினால் மீறியவரே ஈடுசெய் என்னும் பாதி, நம் ஊர்க் கோயிலுக்கு வந்து சேரவேண்டிய வழி இதுவே.

குறை ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் காவலர் அரசாங்க வழக்கறிஞர். இரண்டு பக்தர்களின் மனுவை அவர் ஏற்பதும் மறுப்பதும் அவர் விருப்பத்தைப் பொறுத்தது. பதவியில் இருப்பவரோ அறிமுகமில்லாத ஊரின் கோயிற் பூசலில் எளிதில் தலையிடமாட்டார். இந்தியாவின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவு நம் 9-ஆம் பிரிவுக்கு உடன்பிறப்பு எனலாம். அங்கும் முன்னர் அட்வகேட் ஜெனரலின் சம்மதமே வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மாற்றி, நீதிமன்றத்தின் அனுமதியே போதும் என்றது. வீண் வழக்கை நீதிபதி வாசலிலேயே தள்ளிவிடலாம். ஆனால் தள்ளியவர் காரணம் எழுத வேண்டும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. ஆலயங்களின் நலம் பேசும் நம் பேரவைகளும் சட்டம் பயின்ற நம் இளைஞர்களும் கேட்டுப் பெறத் தக்க திருத்தம் இது. கோலாலம்பூரில் ஒரு பிரிவின் சில சொற்களை மாற்றுவதே வேலை. சம்மதம் என்னும் சொல் இருக்குமிடத்தில் நீதிமன்ற அனுமதி என்று வந்தால் போதும்.